சுவர் விழுந்தால் கிருமி விழும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பெனிசிலின் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களைப் படித்தபோது, கேட்டவர்கள் வேறு வேறாக இருந்தாலும் எல்லாம் ஒரே இடத்தில் போய் நிற்பது தெரிந்தது: பாக்டீரியாவின் வெளி அடுக்குகள். ஆன்டிபயாடிக் பலிப்பதும் பலிக்காமல் போவதும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது. மருத்துவமனையின் மைக்ரோபயாலஜி ஆய்வகத்தில், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் தட்டுகளோடே பணிக்காலம் முழுவதையும் கழித்தவள் நான். அதனால் கிருமியின் பக்கம் நின்று பார்த்தே பதில் சொல்கிறேன். உங்களுக்கு என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை உங்களைப் பரிசோதித்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: பெனிசிலின் கிருமியை மட்டும் கொன்றுவிட்டு நம் செல்களை எப்படி விட்டுவைக்கிறது? பாடப்புத்தகம் ‘செல் சுவர் உருவாவதைத் தடுக்கிறது’ என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. மாணவர்கள் அதற்கு மேல் கேட்கிறார்கள். (பள்ளி ஆசிரியை ஒருவர்)

பதில்: உங்கள் மாணவர்கள் சரியான இடத்தில்தான் பிடித்திருக்கிறார்கள். நம் செல்லுக்குச் சுவர் கிடையாது, மெல்லிய சவ்வு மட்டும்தான். நம்மைச் சுற்றியுள்ள பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் சவ்வுக்கு வெளியே பெப்டிடோகிளைக்கான் என்ற வலை உண்டு. உலகில் வேறு எந்த விலங்கின் உடம்பிலும் இல்லாத பொருள் அது. இல்லாத சுவரை மருந்து தாக்க முடியாது. நாம் தப்புவது அப்படித்தான்.

பாக்டீரியாவுக்கு அந்த வலை எதற்கு? செல்லுக்குள் உப்பும் புரதமும் சர்க்கரையும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அதனால் வெளியே உள்ள தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற கிருமிக்குள் அழுத்தம் சுமார் 20 அட்மாஸ்பியர் வரை போகும். சைக்கிள் ட்யூபை டயருக்கு வெளியே வைத்துக் காற்றடித்தால் ஊதிப் பெருத்து வெடித்துவிடும், டயருக்குள் இருந்தால் அதே காற்றைத் தாங்கும். பெப்டிடோகிளைக்கான்தான் அந்த டயர்.

இந்த வலை இரண்டு வகைச் சர்க்கரைகளை மாற்றி மாற்றிக் கோத்த நீண்ட இழைகளால் ஆனது. இழைக்கும் இழைக்கும் நடுவே அமினோ அமிலங்களால் ஆன சிறு பாலங்கள் உண்டு. பாலம் போடும் வேலையை ஒரு நொதி செய்கிறது. அது பிடித்துக்கொள்ளும் நுனியில் டி-அலனின் என்ற அமினோ அமிலம் அடுத்தடுத்து இரண்டு முறை இருக்கும். பெனிசிலின் மூலக்கூறு வடிவத்தில் அந்த நுனியைப் போலவே இருக்கிறது என்று 1965-ல் டிப்பரும் ஸ்ட்ரோமிங்கரும் விளக்கினார்கள். நொதி ஏமாந்து பெனிசிலினைப் பிடிக்கிறது. பிடித்த கணத்தில் மருந்தில் உள்ள பீட்டா லாக்டம் வளையம் பிளந்து நொதியோடு ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு அந்த நொதி வேறு பாலம் போடாது.

நான்கே அணுக்களால் ஆன அந்த இறுக்கமான வளையம் பெனிசிலினில் இருக்கிறது என்பதை அந்தக் காலத்தில் எல்லோரும் ஏற்கவில்லை. பெரிய வேதியியல் அறிஞரான ராபர்ட் ராபின்சன் வேறொரு அமைப்பைத்தான் ஆதரித்தார். டோரத்தி ஹாட்ஜ்கின் 1945-ல் எக்ஸ்-ரே படிகவியல் மூலம் வளையம் உண்டு என்று காட்டிய பிறகுதான் வழக்கு தீர்ந்தது. மாணவிகளிடம் இந்தப் பெயரை அவசியம் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லுங்கள். கிருமி வளர வேண்டுமானால் தன் சுவரைத் தானே அங்கங்கே வெட்டி, இடைவெளியில் புது இழையைச் செருக வேண்டும். பெனிசிலின் வந்த பிறகும் வெட்டும் நொதிகள் நிற்பதில்லை, பாலம் போடும் நொதிதான் நின்றுவிடுகிறது. பெனிசிலின் குடும்பத்து ஆம்பிசிலின் கலந்த திரவத்தில் ஈ.கோலை என்ற பாக்டீரியாவை விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இது கண்ணெதிரே நடக்கும். குச்சி போல இருக்கும் செல்லின் நடுவில் ஒரு கொப்புளம் தலைகாட்டும். அது பெருக்கும், நிற்கும், மறுபடி பெருக்கும். சட்டென்று செல் வெளிறி, சக்கை மட்டும் மிஞ்சும். இதையே சர்க்கரை அடர்த்தியாகக் கரைத்த நீரில் செய்தால் செல்கள் உருண்டை வடிவம் எடுத்து உயிரோடு இருக்கும். வெளியேயும் அடர்த்தி சமமாக இருப்பதால் தண்ணீர் உள்ளே பாய்வதில்லை. ஜோஷுவா லெடர்பெர்க் 1956-ல் இதைக் காட்டினார். மருந்து சுவரைப் பறிக்கிறது, கொல்வது கிருமியின் உள்ளழுத்தமே என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

கேள்வி: சளிக் காய்ச்சலுக்கு அமாக்ஸிசிலின் கேட்டால் டாக்டர் தர மறுக்கிறார். ஏன்?

பதில்: சளிக் காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது. வைரஸுக்குச் சுவரும் இல்லை, அதைக் கட்டும் நொதியும் இல்லை. பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்த அமாக்ஸிசிலினுக்கு அங்கே வேலையே இல்லை. உங்கள் டாக்டர் செய்வது சரி.

கேள்வி: தினம் மூன்று வேளை அமாக்ஸிசிலின் மாத்திரை எழுதித் தந்தார்கள். மதிய வேளை எனக்கு எப்போதும் விட்டுப்போகிறது. இரவில் இரண்டாகப் போட்டுக்கொண்டால் கணக்குச் சரியாகிவிடாதா?

பதில்: ஆகாது. ஏன் என்பதை ஒரு பழைய சம்பவத்தை வைத்துச் சொல்கிறேன். 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டில், பெனிசிலினை மருந்தாக்கிய ஃப்ளோரி குழுவினர் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்கு பெனிசிலின் ஊசி போட ஆரம்பித்தார்கள். முகமெல்லாம் சீழ்பிடித்துக் கிடந்தவர் தேறத் தொடங்கினார். ஆனால் கையிருப்பில் மருந்து மிகக் கொஞ்சம். அவருடைய சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்து பெனிசிலினைப் பிரித்தெடுத்து, திரும்ப அவருக்கே போட்டார்கள். அப்படியும் சில நாட்களில் மருந்து தீர்ந்தது. மார்ச் மாதம் அவர் இறந்துபோனார். சிறுநீரிலிருந்து எடுத்துத் திரும்பப் போடும் அளவுக்கு, சிறுநீரகம் இந்த மருந்தை அவ்வளவு வேகமாக வெளியேற்றுகிறது.

அமாக்ஸிசிலினும் அப்படித்தான். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்குச் சுமார் ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகிவிடும். இந்தக் குடும்பத்து மருந்துகளுக்கு ஒரே வேளையில் அளவைக் கூட்டுவதால் பெரிய பலன் இல்லை. கிருமியைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச அளவுக்கு மேலே எத்தனை மணி நேரம் மருந்து நிற்கிறது என்பதுதான் கணக்கு. சுவர் கட்டிக்கொண்டிருக்கும் கிருமியைத்தான் மருந்து பிடிக்கும், சும்மா உறங்கும் கிருமியைப் பிடிக்காது. 1942-லேயே கிளாடிஸ் ஹாபி குழுவினர் இதைக் கவனித்தார்கள். 1944-ல் ஜோசப் பிக்கர், எல்லாம் செத்த பின்னும் உறங்கித் தப்பும் சில கிருமிகளைக் கண்டு எழுதினார். அந்தச் சில விழித்து வளர ஆரம்பிக்கும்போது ரத்தத்தில் மருந்து இருக்க வேண்டும். நீங்கள் மதிய வேளையை விடும்போது, அவை சுவரைக் கட்டி முடிக்க நேரம் கொடுக்கிறீர்கள். மூன்று வேளை உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இரண்டு வேளை போடும் மருந்து பொருந்துமா என்று அவர் பார்ப்பார்.

கேள்வி: அப்பா ஐ.சி.யூ.வில் இருந்தார். ‘கிராம் நெகட்டிவ் கிருமி, அதனால் வான்கோமைசினை நிறுத்திவிட்டுக் கொலிஸ்டின் போடுகிறோம், சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும்’ என்றார்கள். ஒரு வார்த்தையும் புரியாமல் கையெழுத்துப் போட்டேன். அப்பா வீடு திரும்பிவிட்டார். இப்போதாவது புரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

பதில்: அப்பா வீடு திரும்பியது மிகவும் மகிழ்ச்சி. அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் ஆய்வகத்தில் என்ன நடந்திருக்கும் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

அவருடைய ரத்தம் கல்ச்சர் பாட்டிலில் இருந்திருக்கும். அதில் கிருமி வளர்ந்ததும் கருவி எச்சரிக்கும். உடனே பாட்டிலிலிருந்து ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடி வில்லையில் தடவி, காயவைத்து, சாயம் போடுவோம். முதலில் கிரிஸ்டல் வயலெட் என்ற ஊதாச் சாயம், அதன் மேல் அயோடின், பிறகு ஆல்கஹால், கடைசியில் சாஃப்ரனின் என்ற சிவப்பு. ஆல்கஹால் ஊற்றும் சில நொடிகளில்தான் கை நிதானம் வேண்டும். கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. பிறகு எண்ணெய் விட்டுப் பெரிய லென்ஸில் பார்ப்போம். ஊதாவாகத் தெரிந்தால் கிராம் பாசிட்டிவ், இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் கிராம் நெகட்டிவ். பார்த்த கையோடு வார்டுக்குப் போன் போகும். எழுதிய ரிப்போர்ட் பிறகுதான். டேனிஷ் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் பெர்லினில் இருந்தபோது 1884-ல் வெளியிட்ட முறை இது. இன்றும் ஆய்வகத்தில் முதல் பதிலை இதுதான் தருகிறது. என் வேலையில் நான் மிகவும் மதித்த நிமிடங்கள் அவை.

நிறம் ஏன் மாறுகிறது? ஊதாக் கிருமியின் சுவர் தடிமனானது, 20 முதல் 80 நானோமீட்டர் வரை இருக்கும். ஆல்கஹால் பட்டதும் அது இறுகி, சாயத்தை உள்ளேயே பிடித்துவைத்துக்கொள்கிறது. இளஞ்சிவப்புக் கிருமியின் சுவர் சில நானோமீட்டர்தான். ஆனால் அந்தச் சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது. ஆல்கஹால் அதைக் கரைத்துவிடுவதால் ஊதா கழுவிக்கொண்டு போய்விடுகிறது.

அந்த வெளிச்சவ்வுதான் உங்கள் அப்பாவின் மருந்தை மாற்றவைத்தது. கொழுப்போடு சர்க்கரை சேர்ந்த லிப்போபாலிசாக்கரைட் என்ற பொருள் அதன் வெளிப்புறம் முழுக்க நிறைந்திருக்கிறது. உள்ளே போக இருப்பது போரின் என்ற புரதக் குழாய்கள். அவற்றின் வழியாகச் சுமார் 600 டால்டன் (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) எடைக்குள் இருக்கும் சிறு மூலக்கூறுகள்தான் நுழையும். வான்கோமைசினின் எடை ஏறத்தாழ 1,450 டால்டன். சுவரைப் பிடிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு, ஆனால் சுவர் வரைக்கும் போகவே முடியாது. எனவே கிராம் நெகட்டிவ் என்று போன் வந்ததும் அதை நிறுத்துவது முறையே.

கொலிஸ்டின் உள்ளே நுழைய வழி தேடுவதில்லை, அந்த வெளிச்சவ்வையே தாக்குகிறது. லிப்போபாலிசாக்கரைடின் அடிப்பகுதியில் பாஸ்பேட்டுகள் உண்டு, அவற்றுக்கு எதிர்மின்னேற்றம். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சிதறாமல் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பவை மக்னீசியம், கால்சியம் அயனிகள். நேர்மின்னேற்றம் கொண்ட கொலிஸ்டின் அந்த அயனிகளைத் தள்ளிவிட்டு அவற்றின் இடத்தில் அமர்கிறது. பிறகு தன் கொழுப்பு வாலைச் சவ்வுக்குள் செருகுகிறது. வெளிச்சவ்வு கிழிகிறது, அடுத்து உள்சவ்வும் கசிகிறது, கிருமி சாகிறது. ஆனால் சவ்வு என்ற பொருள் நம் செல்லிலும் இருக்கிறதே. சுவரைத் தாக்கும் மருந்துக்கு இருக்கும் பாதுகாப்பு இங்கே குறைவு. சிறுநீரகச் செல்கள் கொலிஸ்டினை உள்ளே இழுத்துச் சேர்த்துவைப்பதால் அடி அங்கே விழுகிறது. அதனால்தான் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை அடிக்கடி செய்திருப்பார்கள். 1950-களில் புழக்கத்துக்கு வந்து, இந்த நஞ்சுத்தன்மையால் ஓரங்கட்டப்பட்ட மருந்து இது. வேறு எதற்கும் அடங்காத கிருமிகள் பெருகியதால் மீண்டும் எடுக்க வேண்டியதாயிற்று.

இதற்கும் எதிர்ப்பு வந்துவிட்டது. எம்.சி.ஆர்-1 என்ற மரபணு, வெளிச்சவ்வின் பாஸ்பேட்டில் ஒரு சிறு மூலக்கூறை ஒட்டி அதன் எதிர்மின்னேற்றத்தைக் குறைத்துவிடுகிறது. கொலிஸ்டினுக்குப் பிடிமானம் போய்விடும். ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய இந்த மரபணுவைப் பற்றி 2015 நவம்பரில் சீனாவிலிருந்து செய்தி வந்தது. பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிலும் அது இருந்தது. கால்நடை கொழுக்கத் தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதைச் சீனா 2017-ல் நிறுத்தியது. ஐ.சி.யூ.வில் கடைசியாகக் கையில் எடுக்கும் மருந்தைத் தீவனத்தில் கொட்டியதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

கேள்வி: குழந்தையின் இருமலுக்கு முதலில் அமாக்ஸிசிலின், பிறகு ‘மைக்கோபிளாஸ்மா’ என்று சொல்லி அசித்ரோமைசின். முதல் மருந்து தப்பானதா?

பதில்: தப்பு என்று சொல்ல மாட்டேன். குழந்தைகளின் நிமோனியாவுக்குச் சாதாரணக் காரணமான கிருமிக்கு அமாக்ஸிசிலின் நல்ல மருந்து. மைக்கோபிளாஸ்மா விதிவிலக்கு, அந்த பாக்டீரியாவுக்குச் சுவரே கிடையாது. சுவரைத் தாக்கும் எந்த மருந்தும் அதனிடம் செல்லாது. அசித்ரோமைசின் சுவர்ப் பக்கமே போகாமல் உள்ளே புரதம் தயாராகும் இடத்தைத் தடுக்கிறது.

நேர் எதிர்ப்பக்கம் காசநோய்க் கிருமி. அதன் சுவருக்கு மேல் மைக்கோலிக் அமிலம் என்ற மெழுகுத்தன்மையுள்ள அடுக்கு. 1952-ல் வந்த ஐசோனியசிட் அந்த மெழுகு உருவாவதைத் தடுக்கிறது. எத்தாம்பியூட்டால், மெழுகைச் சுவரோடு பிணைக்கும் சர்க்கரை அடுக்கைத் தடுக்கிறது. காசநோய் மருந்தும் வெளி அடுக்கைத் தாக்கும் மருந்துதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கேள்வி: சிறுநீர் கல்ச்சர் ரிப்போர்ட்டில் ‘ஈ.கோலை, ஈ.எஸ்.பி.எல். பாசிட்டிவ்’ என்று இருக்கிறது. பக்கம் முழுக்க ‘ஆர்’, நான்கைந்து இடத்தில் மட்டும் ‘எஸ்’. பயமாக இருக்கிறது.

பதில்: பயப்பட வேண்டாம். ‘ஆர்’ என்றால் அந்த மருந்து பலிக்காது, ‘எஸ்’ என்றால் பலிக்க வாய்ப்பு அதிகம். ஈ.எஸ்.பி.எல். என்பது உங்கள் கிருமி தயாரிக்கும் ஒரு நொதி. பெனிசிலினில் ஒரு வளையம் இருக்கிறது என்றேனே, அதைச் சுவரை அடையும் முன்பே வெட்டிவிடும் நொதிகள் உண்டு. பெனிசிலின் இன்னும் மருந்தாகவே ஆகாத 1940-லேயே ஆபிரகாமும் செயினும் அப்படியொரு நொதியைக் கண்டு எழுதிவிட்டார்கள். பிறகு அதே வளையம் கொண்ட செஃபலோஸ்போரின் என்ற மருந்துகள் வந்தன, அவற்றில் மூன்றாம் தலைமுறை வந்தது, இந்த நொதிகள் தோற்றன. 1983-ல் ஜெர்மனியிலிருந்து வந்த அறிக்கை, அந்தத் தலைமுறையையும் வெட்டும் நொதி தோன்றிவிட்டதைச் சொன்னது. இப்போது உலகம் முழுக்க இருக்கிறது.

இதை ஆய்வகத்தில் கண்டுபிடிக்கும் ஒரு முறையைச் சொல்கிறேன், பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். தட்டு முழுக்கக் கிருமியைப் பரப்பி, நடுவில் கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த ஒரு மருந்து வில்லை, சற்றுத் தள்ளி மூன்றாம் தலைமுறை மருந்தான செஃபோடாக்ஸிம் வில்லை வைப்போம். மறுநாள் காலை தட்டைக் கருப்புப் பின்னணியில் பிடித்துப் பார்ப்போம். கிருமி வளராத வெற்றிடம் ஒவ்வொரு வில்லையைச் சுற்றியும் வட்டமாக இருக்க வேண்டும். ஈ.எஸ்.பி.எல். இருந்தால் செஃபோடாக்ஸிமைச் சுற்றிய சின்ன வட்டம், கிளாவுலானிக் வில்லை இருக்கும் பக்கம் மட்டும் இழுத்துவிட்டதுபோல் நீண்டிருக்கும். கிளாவுலானிக் அமிலம் ஊறிவந்த இடத்தில் வெட்டும் நொதி முடங்கிவிட்டது, அங்கே மட்டும் செஃபோடாக்ஸிம் உயிர்பெற்றது. ஒரு கிருமியும் இரண்டு மருந்தும் ஆடிய ஆட்டம் தட்டில் வரைந்து கிடக்கும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எரிச்சல், அடிக்கடி போகும் உணர்வு என்று சிறுநீர்ப்பையோடு நிற்கும் தொற்றுக்கு நைட்ரோஃபுரன்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் போன்ற மாத்திரைகளே பல நேரம் போதும். ஃபாஸ்ஃபோமைசினும் சுவர் மருந்துதான், சுவர் கட்டும் வேலையின் முதல் படியையே நிறுத்துகிறது. அதில் பீட்டா லாக்டம் வளையம் இல்லாததால் ஈ.எஸ்.பி.எல். அதை வெட்ட முடியாது. காய்ச்சலும் குளிரும் இடுப்பு வலியும் இருந்தால் சங்கதி வேறு, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொந்தரவே இல்லாமல் ஏதோ பரிசோதனையில் வந்த ரிப்போர்ட் என்றால், கர்ப்பிணிகள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு மருந்தே தேவைப்படாது. ‘எஸ்’ என்று இருப்பதையெல்லாம் பார்த்து நீங்களே வாங்கிச் சாப்பிட மட்டும் செய்யாதீர்கள்.

கேள்வி: வான்கோமைசினும் சுவர் மருந்து, பெனிசிலினும் சுவர் மருந்து. பெனிசிலினுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி வான்கோமைசினுக்கு மட்டும் எப்படி அடங்குகிறது? (நுண்ணுயிரியல் மாணவர்)

பதில்: பிடிக்கும் இடம் வேறு. பெனிசிலின் நொதியைப் பிடிக்கிறது. பெனிசிலின் குடும்பத்து மெத்திசிலின் 1959-ல் உருவானது, 1961-லேயே அதற்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸை, அதாவது எம்.ஆர்.எஸ்.ஏ.வை, பாட்ரீஷியா ஜெவன்ஸ் இங்கிலாந்தில் கண்டார். அந்தக் கிருமி தன் நொதிக்கு மாற்றாக, மருந்து ஒட்டாத இன்னொரு நொதியை வைத்துக்கொண்டது. வான்கோமைசின் நொதியைத் தொடுவதே இல்லை. நொதி பிடிக்க வேண்டிய அந்த டி-அலனின் நுனியை ஐந்து ஹைட்ரஜன் பிணைப்புகளால் மூடிவிடுகிறது. நொதி எதுவாக இருந்தால் என்ன, பிடிக்க நுனி கிடைக்காது.

மருந்தின் வரலாறும் சுவையானது. 1950-களில் போர்னியோ காட்டு மண்ணை ஒரு பாதிரியார் தன் நண்பரான எலி லில்லி நிறுவன வேதியியலாளர் எட்மண்ட் கோர்ன்ஃபெல்டுக்கு அனுப்பினார். அதில் இருந்த நுண்ணுயிர் தந்தது இது. தொடக்கத்தில் அசுத்தங்களோடு பழுப்பாக இருந்ததால் ‘மிசிசிப்பி சேறு’ என்று கூப்பிட்டார்கள். 1958-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அதன் பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் எதிர்ப்பு பெரிதாக வரவில்லை. நுனியை மாற்ற வேண்டுமானால் சுவர் கட்டும் முறையையே மாற்ற வேண்டும், அது கிருமியால் ஆகாது என்று பலர் நம்பினார்கள். 1988-ல் என்டெரோகாக்கஸ் என்ற கிருமி அதையும் செய்துவிட்டது தெரியவந்தது. கடைசி டி-அலனினுக்குப் பதிலாக டி-லாக்டேட்டை வைத்தது. ஒரு நைட்ரஜன் இருந்த இடத்தில் ஓர் ஆக்சிஜன், மாற்றம் அவ்வளவுதான். ஐந்து பிணைப்பில் ஒன்று போனது. அங்கே இழுப்பதற்குப் பதில் தள்ளுதல் வந்தது. மருந்தின் பிடி சுமார் ஆயிரம் மடங்கு தளர்ந்தது. நீங்கள் படிக்கப்போகும் பாடங்களில் இந்த ஒரு அணு மாற்றத்தை மட்டும் தாளில் வரைந்து பாருங்கள். எதிர்ப்புத் திறன் என்றால் என்ன என்பது மனதில் நின்றுவிடும்.

கேள்வி: சின்ன வயதில் பெனிசிலின் போட்டு உடம்பெல்லாம் தடித்தது என்று அம்மா சொல்வார். இப்போது நாற்பது வயது. எந்த மருத்துவமனையிலும் ‘பெனிசிலின் அலர்ஜி’ என்றே எழுதுகிறேன். சரிதானே?

பதில்: எழுதுவது சரி, அதோடு விடுவது சரியில்லை. இப்படி எழுதிக்கொண்டு வருபவர்களை முறையாகப் பரிசோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அலர்ஜி இல்லை என்று தெரிகிறது. சிலருக்கு அன்று வந்தது வைரஸ் தடிப்பு. சிலருக்கு உண்மையான அலர்ஜியே காலப்போக்கில் மறைந்துவிடும். அந்தச் சீட்டு இருக்கும்வரை, சுவர் மருந்துகளிலேயே நன்றாக வேலை செய்யும் குடும்பத்தை விட்டுவிட்டு வேறு மருந்துகளைத் தேட வேண்டியிருக்கிறது. செஃபலோஸ்போரின் மருந்துகளில் எல்லாமே ஆபத்தும் இல்லை. அலர்ஜியைக் கிளப்புவது பெரும்பாலும் மூலக்கூறின் பக்கக் கிளை. ஆம்பிசிலினுக்கும் செஃபலெக்ஸினுக்கும் ஒரே கிளை, செஃபசோலினின் கிளை வேறு. அலர்ஜி நிபுணரிடம் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஆனால் அன்று தோல் உரிந்து வாய், கண் எல்லாம் புண்ணாகியிருந்தால் மறுபடி முயன்று பார்க்கவே கூடாது. அம்மாவிடம் விவரமாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புது ஆன்டிபயாடிக் எதுவும் வரவே இல்லையா?

பதில்: வருகின்றன, தேவைக்குப் போதவில்லை. 2015-ல் அறிவிக்கப்பட்ட டெய்க்ஸோபாக்டின் ஆய்வகத்தில் வளராத ஒரு மண் பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது. ஐசிப் என்ற சிறு கருவியில் அடைத்து மண்ணிலேயே வளர்த்து எடுத்தார்கள். சுவரின் மூலப்பொருளையே அது பிடிக்கிறது. ஆனால் கிராம் நெகட்டிவின் வெளிச்சவ்வு அதையும் தடுத்துவிடுகிறது. செஃபிடரகால் 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கிருமிக்கு இரும்புச்சத்து அவசியம், இந்த மருந்து இரும்பைப் பிடித்துக்கொண்டு போவதால் கிருமியே அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது ஜோசுராபால்பின். ரோஷ் நிறுவனமும் ஹார்வர்டு விஞ்ஞானிகளும் 2024 ஜனவரியில் வெளியிட்டார்கள். லிப்போபாலிசாக்கரைட் உள்சவ்வில் தயாராகி, புரதங்களால் ஆன ஒரு பாலத்தின் வழியே வெளிச்சவ்வுக்குப் போகிறது. இந்த மருந்து அந்தப் பாலத்தை அடைக்கிறது. சரக்கு உள்ளேயே தேங்கிக் கிருமிக்கு நஞ்சாகிறது. ஐ.சி.யூ.க்களை ஆட்டிவைக்கும் அசினெட்டோபாக்டர் என்ற கிருமியை மட்டும் அது குறிவைக்கிறது. ஒரே கிருமிக்கு ஒரு மருந்தா என்று சிலர் குறைப்படுகிறார்கள். நான் அதையே வரமாக நினைக்கிறேன், குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் பிழைக்கும். ஆனால் அப்படிப்பட்ட மருந்தைப் பயன்படுத்த, கிருமி எது என்று சீக்கிரம் தெரிய வேண்டும்.

கேள்வி: கல்ச்சர் ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும் என்கிறார்கள். அதற்குள் மருந்து ஆரம்பித்துவிடுகிறார்கள். பிறகு எதற்குக் கல்ச்சர்? ரிப்போர்ட் வந்ததும் மருந்தை வேறு மாற்றுகிறார்கள்.

பதில்: கடுமையான தொற்றில் மருந்துக்குக் காத்திருக்க முடியாது, ஒரு மணி நேரத் தாமதமும் கெடுதல். அதனால் முதலில் சாம்பிள், உடனே மருந்து என்பதுதான் முறை. ரத்தம் எடுக்கச் சில நிமிடங்கள் போதும். மருந்து போட்ட பிறகு எடுத்தால் சுவர் பழுதான கிருமி உடம்பில் உயிரோடு இருந்தும் பாட்டிலில் வளராமல் போகலாம். ‘வளர்ச்சி இல்லை’ என்று வரும் அந்த ரிப்போர்ட்டால் யாருக்கும் பயன் இல்லை. இரண்டு இடங்களில் ஊசி குத்தி, பாட்டிலுக்கு எட்டு, பத்து மில்லி என்று எடுப்பதைப் பார்த்து ‘இவ்வளவு ரத்தமா’ என்று பலர் தடுப்பார்கள். தயவுசெய்து தடுக்காதீர்கள். ரத்தத்தில் கிருமி மிகக் குறைவாகவே இருக்கும், அளவு குறைந்தால் அகப்படாது.

முதல் நாள் போடுவது, என்ன கிருமியாக இருக்கக்கூடும் என்று கணித்துப் போடும் மருந்து. ரிப்போர்ட்டில் மெத்திசிலினுக்கு அடங்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்று வந்தால் வான்கோமைசினை நிறுத்திவிட்டு செஃபசோலின் போன்ற மருந்துக்கு மாற்றுவார்கள். பெயரைக் கேட்டால் சாதாரண மருந்துக்கு இறங்கிவிட்டார்களோ என்று தோன்றும். அந்தக் கிருமியைப் பொறுத்தவரை வான்கோமைசினைவிட அதுதான் நன்றாகக் கொல்லும்.